தேர்தல் செலவை அரசே கொடுத்தால் என்ன?

2012 கடைசியில், அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்குப் புதிதாக ஜெயித்து வந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களுக்கு, உங்கள் ஒரு நாள் இப்படித்தான் போக வேண்டும் என்று கட்சியே ஒரு மாதிரி அட்டவணை போட்டுக் கொடுத்தது. அது பத்திரிகைக்காரர்கள் கைக்கும் வந்துவிட்டது. தொகுதி மக்களைப் பார்க்க 1 அல்லது 2 மணி நேரம், குழுக் கூட்டம், அவை வேலைக்கு 2 மணி நேரம், நன்கொடை கேட்டுப் போன் போட 4 மணி நேரம். அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து காசு கேட்கச் சட்டம் இடம் கொடுக்காது, அதனால் பக்கத்தில் இருக்கும் கட்சிக் கட்டடத்துக்கு நடந்துபோய் அங்கே உட்கார்ந்து பேச வேண்டும். கையில் ஒரு பட்டியல் இருக்கும். பெயர், போன தடவை எவ்வளவு கொடுத்தார், இந்தத் தடவை எவ்வளவு கேட்கலாம். அடுத்த தேர்தலுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கும்போதே இந்தக் கதை.

இதில் லஞ்சம் எதுவும் இல்லை, எல்லாம் சட்டப்படி நடப்பதுதான். ஆனால் ஒரு ஆள் தினமும் நாலு மணி நேரம் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறாரோ அவர்களுடைய கவலைதான் அவர் காதில் விழும், அந்தப் பட்டியலில் வாடகை கட்ட முடியாமல் திண்டாடுகிறவர் பெயர் இருக்கப்போவதில்லை. தேர்தல் நிதிச் சீர்திருத்தம் என்று பெரிய பெயர் வைத்துப் பேசுவதெல்லாம் கடைசியில் அந்தப் பட்டியலில் யார் யார் பெயர் இருக்கிறது என்ற ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தேர்தலை நடத்தும் செலவு வேறு. வாக்குச்சாவடி, ஊழியர், பாதுகாப்பு இதற்கெல்லாம் அரசுதான் ஏற்கெனவே கொடுக்கிறது. இங்கே பேசுவது பிரச்சாரச் செலவு: விளம்பரம், பயணம், கூட்டம், துண்டறிக்கை, வேலைக்கு ஆள். இதை வேட்பாளரும் கட்சியும் சொந்தமாகவோ நன்கொடையாகவோ திரட்டுகிறார்கள். அதில் ஒரு பங்கையோ மொத்தத்தையோ வரிப் பணத்திலிருந்து கொடுப்பதுதான் தேர்தலுக்கான அரசு நிதி.

கேட்டதும் கோபம் வருவது நியாயம்தான். நான் கட்டும் வரியில் இவர்கள் போஸ்டர் அடிப்பதா? சரி, நாம் கொடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதற்காகப் பிரச்சாரம் நின்றுவிடுவதில்லை, வேறு யாரோ கொடுக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் சும்மா கொடுக்கிறார்கள் என்பதுதான் விஷயம். ஒரு கான்ட்ராக்டோ ஒரு வரிச்சலுகையோ பின்னால் கைமாறினால் அதன் விலையும் நம் தலையில்தான் விழும். எந்த ரசீதிலும் அது தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பணத்தைக் கட்டுப்படுத்த உலகம் முதலில் பிடித்த வழி உச்சவரம்பு. பிரிட்டன் 1883-லேயே சட்டம் போட்டு ஒரு வேட்பாளர் இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று சொல்லிவிட்டது, அதற்கு முன் அங்கே ஓட்டுக்குக் காசும் சாராயமும் தாராளமாக ஓடிய காலம். இன்றைக்கும் அங்கே தொலைக்காட்சியிலும் வானொலியிலும் காசு கொடுத்து அரசியல் விளம்பரம் செய்ய முடியாது. செலவில் மிகப் பெரிய பகுதியை இந்த ஒரு தடையே வெட்டிவிடுகிறது. இதுபற்றி ஏன் அதிகம் பேசுவதில்லை என்று எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான்.

அமெரிக்கா வேறு பாதையில் போனது. 1904 தேர்தலில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்குப் பெரிய கம்பெனிகள் பணம் கொட்டியதாகப் புகார் கிளம்பியது. 1907-இல் கம்பெனிகள் தேர்தலுக்கு நேரடியாக நன்கொடை கொடுக்கத் தடை வந்தது. அதே வருஷம் ரூஸ்வெல்ட்டே, கட்சிகளின் நியாயமான செலவை அரசே ஏற்கலாம் என்று நாடாளுமன்றத்துக்கு எழுதினார். குற்றம் சாட்டப்பட்டவரே மருந்தும் எழுதிக் கொடுத்த மாதிரி. அந்த யோசனை அறுபது வருஷத்துக்கு மேல் அலமாரியில் தூங்கியது.

அதை எழுப்பியது வாட்டர்கேட் ஊழல். அதிபர் நிக்சன் தரப்புக்குக் கட்டுக்கட்டாகப் பணம் வந்த விதம் அம்பலமானதும், 1974-இல் நன்கொடைக்கு வரம்பு, செலவுக்கு வரம்பு, கண்காணிக்க ஓர் ஆணையம், அதிபர் தேர்தலுக்கு அரசுப் பணம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொண்டுவந்தார்கள். ஆனால் 1976-இல் பக்லி எதிர் வலேயோ என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பாதியாக வெட்டியது. ஒருவர் வேட்பாளருக்குப் பணம் கொடுப்பதற்கு வரம்பு வைக்கலாம், ஏனென்றால் கொடுக்கல் வாங்கலில் ஊழலுக்கு வழி இருக்கிறது. தன் கருத்தைச் சொல்ல ஒருவர் செலவழிப்பதற்கு வரம்பு வைக்க முடியாது, ஏனென்றால் பேச்சு சுதந்திரம் தடுக்கும். அப்புறம் ஒரு சின்ன வாசலைத் திறந்து வைத்தது: ஒரு வேட்பாளர் தானே விரும்பி அரசுப் பணம் வாங்கிக்கொண்டால், அதற்கு ஈடாகச் செலவு வரம்பை ஏற்கச் சொல்லலாம். அந்த நாட்டில் இதுவரை வந்த அரசு நிதித் திட்டங்கள் பெரும்பாலும் இந்த வாசல் வழியாக வந்தவைதான். வாங்கினால் கட்டுப்பாடு, வேண்டாம் என்றால் உன் இஷ்டம்.

பணம் எங்கிருந்து வந்தது என்பது வேடிக்கையான கதை. வருமான வரிப் படிவத்தின் முதல் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம், டிக் அடித்தால் நீங்கள் கட்டும் வரியிலிருந்து 1 டாலர் (1993-க்குப் பிறகு 3 டாலர்) அதிபர் தேர்தல் நிதிக்குப் போகும். வரி ஒரு காசு கூடாது, திரும்பி வர வேண்டிய தொகையும் குறையாது, படிவத்திலேயே அப்படி எழுதியிருக்கிறார்கள். இருந்தும் நிறையப் பேர் தங்கள் கையிலிருந்து காசு போகிறது என்று நினைத்துக்கொண்டு டிக் அடிக்காமல் விட்டார்கள். ஒரு காலத்தில் நாலில் ஒருவருக்கு மேல் அடித்தார்கள், பிறகு நூற்றுக்கு ஐந்து பேர்கூட அடிக்காத நிலைக்கு வந்துவிட்டது.

ஆனாலும் கொஞ்ச காலம் இது நன்றாகவே ஓடியது. 1976-இல் அதிபர் வேட்பாளர்கள் கார்ட்டரும் ஃபோர்டும் ஆளுக்கு 2 கோடியே 18 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு அதற்குள் பொதுத் தேர்தல் பிரச்சாரத்தை முடித்தார்கள். உடைந்தது 2008-இல். குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் 8 கோடியே 41 லட்சம் டாலர் அரசுப் பணத்தை வாங்கி அந்த வரம்புக்குள் நின்றார். ஒபாமா வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தத் தேர்தல் முழுவதற்குமாக 70 கோடி டாலருக்கு மேல் திரட்டினார். அதைப் பார்த்த பிறகு யார் வாங்குவார்கள்? 2012-இலிருந்து பெரிய கட்சி வேட்பாளர் யாரும் பொதுத் தேர்தலுக்கு அந்தப் பணத்தைத் தொடவில்லை, வாங்க ஆளில்லாமல் நிதி சும்மா சேர்ந்து கிடந்தது. 2014-இல் கட்சி மாநாட்டுக்கு என்று ஒதுக்கிய பங்கை நிறுத்திக் குழந்தைகள் நோய் ஆராய்ச்சிப் பக்கம் திருப்பச் சட்டம் போட்டார்கள்.

இதில் தோற்றது அரசு நிதி என்ற யோசனையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொடுத்த தொகை காலத்துக்குப் பின்தங்கிவிட்டது, நேர்மையாக வரம்பை ஏற்றவர் கை கட்டப்பட்டு நின்றார், ஏற்காதவருக்கு எந்தத் தண்டனையும் இல்லை. போதாக்குறைக்கு 2010-இல் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் 5 நீதிபதிகள் ஒரு பக்கம், 4 பேர் மறுபக்கம் என்ற கணக்கில் ஒரு தீர்ப்பு வந்தது. வேட்பாளரோடு கலந்துபேசாமல் தனியாகச் செலவழிப்பதென்றால் கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். அதற்குச் சில வாரம் கழித்து வந்த இன்னொரு தீர்ப்பையும் சேர்த்துப் பிறந்ததுதான் சூப்பர் பேக் எனப்படும் அமைப்புகள். வேட்பாளருக்கு நேராகக் கொடுத்தால் சில ஆயிரம் டாலர் வரம்பு, அவரை ஆதரிக்கும் சூப்பர் பேக்குக்குக் கொடுத்தால் வரம்பே இல்லை. கலந்துபேசவில்லை என்று சொல்லிக்கொள்வார்கள், கேட்கிறவர்கள் சிரித்துக்கொள்வார்கள்.

மாநிலங்களும் நகரங்களும் செய்து பார்த்த சோதனைகள் இதைவிடச் சுவாரசியமானவை. மெய்ன் மாநிலத்தில் 1996-இல் மக்களே வாக்களித்து ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மாநிலக் கீழவைக்கு நிற்பவர் தன் தொகுதி வாக்காளர் 60 பேரிடம் ஆளுக்கு 5 டாலர் வாங்கிக் காட்ட வேண்டும். தனக்கு ஆதரவு இருக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி, அந்த 300 டாலரும் அரசு நிதிக்கே போகும். அதன்பின் பிரச்சாரத்துக்கு அரசு பணம் கொடுக்கும், தனியார் நன்கொடை வாங்கக் கூடாது. எதிராளி சொந்தக் காசை வாரி இறைத்தால்? அப்போது கூடுதல் பணம் தரும் ஏற்பாடு இருந்தது. அரிசோனாவிலும் அதே மாதிரி ஏற்பாடு. 2011-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. நான் செலவழிக்கச் செலவழிக்க என் எதிரிக்கு அரசு பணம் கொடுத்தால் நான் பேசவே தயங்குவேன் என்ற வாதத்தை ஏற்றுக்கொண்டது. மெய்ன்காரர்கள் விடவில்லை, 2015-இல் மறுபடி வாக்களித்துச் சட்டத்தை மாற்றினார்கள்: கூடுதல் பணம் வேண்டுமா, இன்னும் அதிகம் பேரிடம் போய் 5 டாலர் வாங்கிவா.

வேறு சில நாடுகளில் பணம் கட்சிக்குப் போகிறது. அங்கே கணக்கு பெரும்பாலும் போன தேர்தலில் வாங்கிய ஓட்டை வைத்துத்தான். கனடாவில் 2004-இலிருந்து ஓர் ஓட்டுக்கு வருஷம் 1.75 டாலர் என்று ஆரம்பித்தார்கள், கம்பெனி நன்கொடையைக் குறைத்ததற்கு ஈடாக. 2008-இல் பிரதமர் ஹார்ப்பரின் அரசு அதை நிறுத்தப் பார்த்தபோது எதிர்க்கட்சிகள் சேர்ந்து ஆட்சியையே கவிழ்க்கும் அளவுக்குப் போய்விட்டன. கடைசியில் 2015-இல் நின்றது. ஜப்பானில் 1994-இல் சட்டம், மக்கள்தொகையில் தலைக்கு 250 யென் கணக்கு, அதைக் கட்சிகள் பிரித்துக்கொள்ளும். அங்கே கம்யூனிஸ்ட் கட்சி மட்டும் இந்தப் பணமே வேண்டாம் என்று தொடாமல் இருக்கிறது. ஊழலை ஒழிக்கத்தான் இந்த ஏற்பாடு என்றார்கள், ஆனால் முப்பது வருஷம் கழித்தும் கட்சிகளுக்குக் கம்பெனி நன்கொடை நின்றபாடில்லை. ஒரு கையில் அரசுப் பணம், மறு கையில் கம்பெனிப் பணம்.

ஓட்டுக் கணக்கில் கொடுப்பதில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. நேற்று ஜெயித்தவனுக்கு நாளைக்கு ஜெயிக்கப் பணம் கொடுக்கிறோம், புதிதாக வருகிறவன் வாசலில் நிற்கிறான். ஜெர்மனி இதை ஓரளவு யோசித்துச் செய்திருக்கிறது. அங்கே அரை சதவீத ஓட்டு வாங்கினாலே தேசிய அளவில் பணம் உண்டு, முதல் 40 லட்சம் ஓட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை, மக்களிடம் திரட்டும் சின்ன நன்கொடைக்கும் உறுப்பினர் சந்தாவுக்கும் தனியாக ஒரு பங்கு. இதைவிட முக்கியமானது, ஒரு கட்சி தானாகத் திரட்டியதைவிட அதிகமாக அரசிடம் வாங்க முடியாது என்ற விதி. கட்சி மக்களை மறந்துவிட்டு அரசை அண்டியே பிழைக்கக் கூடாது என்பதுதான் நோக்கம். 2018-இல் ஆளும் கட்சிகளே சேர்ந்து மொத்த வரம்பை 19 கோடி யூரோவாக உயர்த்திக்கொண்டன, காரணம் போதவில்லை என்று 2023-இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. தங்கள் சம்பளத்தைத் தாங்களே முடிவு செய்கிறவர்களுக்கு மேலே இப்படி ஒருவர் உட்கார்ந்திருப்பது நல்லதுதான்.

எனக்குப் பிடிக்காத கட்சிக்கு என் வரி போவதா என்ற கேள்விக்கும் அங்கே ஒரு பதில் கிடைத்தது. 2024 ஜனவரியில் அதே நீதிமன்றம், நவநாஜிச் சாயல் கொண்ட டீ ஹைமாட் கட்சிக்கு (முன்பு அதன் பெயர் என்பிடி) ஆறு வருஷத்துக்கு அரசு நிதி கிடையாது என்றது. ஜனநாயகத்தையே ஒழிக்க நினைப்பவருக்கு ஜனநாயகம் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பது நியாயம். ஆனால் யாரை அப்படிச் சொல்லலாம் என்ற அதிகாரம் ஆளும் கட்சி கையில் இல்லாமல் நீதிமன்றத்தின் கையில் இருப்பதால்தான் இதை ஏற்றுக்கொள்ள முடிகிறது.

பிரேசில் பக்கம் போனால் வேறு பாடம். 2015-இல் அங்கே உச்ச நீதிமன்றம் கம்பெனி நன்கொடையை அடியோடு தடை செய்தது. பணத்துக்கு வழியில்லாமல் போக, 2017-இல் தேர்தலுக்கென்று பெரிய பொது நிதி உருவாக்கினார்கள், 2022-இல் அது ஏறக்குறைய 500 கோடி ரெயால் (பிரேசில் நாணயம்). கம்பெனி முதலாளி போய்விட்டார், ஆனால் பணத்தைப் பிரித்துக் கொடுப்பது கட்சித் தலைமை, அதனால் வேட்பாளர் இப்போது தலைமையின் வாசலில் நிற்கிறார். பெண் வேட்பாளர்களுக்குக் குறைந்தது 30 சதவீதம் போக வேண்டும் என்று 2018-இல் விதி வந்ததும், பெயருக்கு ஒரு பெண்ணை நிறுத்தி, அவர் கணக்கில் பணத்தை இறக்கி, அது வேறு பக்கம் போய்விட, அவருக்கு விழுந்த ஓட்டை விரல் விட்டு எண்ணலாம் என்ற கதைகள் வெளியே வந்தன.

இந்தியாவில் வேட்பாளர் செலவுக்கு வரம்பு உண்டு, மக்களவைக்குப் பெரிய மாநிலங்களில் 95 லட்சம் ரூபாய். கட்சி செலவுக்கு வரம்பு இல்லை. பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியைப் பக்கத்திலேயே தொங்கவிட்ட மாதிரி இது. 1998-இல் இந்திரஜித் குப்தா கமிட்டி அரசு நிதி கொடுக்கலாம் என்றது, ஆனால் ரொக்கமாக வேண்டாம், எரிபொருள், காகிதம், தபால் தலை, ஒலிபெருக்கி என்று பொருளாகக் கொடுங்கள் என்றது. காரணம் புரிகிறது: கணக்கில் வராத பணம் ஓடும் இடத்தில் கணக்கில் வரும் பணத்தைக் கொட்டினால் அது பழையதற்கு மேல் கூடுதலாகச் சேருமே தவிர, பழையதை நகர்த்தாது. அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு அரசு வானொலி, தொலைக்காட்சியில் இலவச நேரம் கிடைப்பது போன்ற சில உதவிகள் மட்டும் நடைமுறையில் இருக்கின்றன.

அங்கே வந்த தேர்தல் பத்திரம், யார் கொடுத்தார் என்பதை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம். 2018-இலிருந்து ஸ்டேட் வங்கியில் 1,000 ரூபாயிலிருந்து 1 கோடி வரை பத்திரம் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கலாம், வாங்கியவர் பெயர் வெளியே தெரியாது. பத்திரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு எண் இருந்தது, புற ஊதா விளக்கில் பிடித்தால் மட்டும் தெரியும். வங்கிக்குத் தெரிய வாய்ப்பு உண்டு, வாங்கிய கட்சிக்குக் கொடுத்தவர் சொல்லிவிட்டே கொடுப்பார், தெரியாமல் போனது ஓட்டுப் போடுகிறவருக்கு மட்டும்தான். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் இதை அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று ரத்து செய்தது, அடுத்த மாதம் அந்த எண்களும் வெளியே வர, யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று சேர்த்துப் பார்க்க முடிந்தது. வெளிப்படைத்தன்மை இல்லாமல் வேறு எந்தச் சீர்திருத்தமும் நிற்காது என்று நான் நினைப்பது இதனால்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது நியூயார்க் நகரத்தின் முறை. 1980-களில் அடுத்தடுத்து ஊழல் வெடித்த பிறகு 1988-இல் வந்தது. நகரவாசி ஒருவர் கொடுக்கும் சின்னத் தொகைக்கு நகரமே மேலே போட்டுக் கொடுக்கும். முதலில் ஒன்றுக்கு ஒன்று, பிறகு நாலு, ஆறு, 2018-இல் மக்கள் வாக்களித்து எட்டு. நீங்கள் 10 டாலர் கொடுத்தால் நகரம் 80 போடும், வேட்பாளருக்கு 90. மேயர் தேர்தலுக்கு ஒருவரின் முதல் 250 டாலருக்குத்தான் இந்தப் பெருக்கல், நகர மன்றத்துக்கு 175. இப்போது வேட்பாளர் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். 10 டாலர் கொடுக்கிற ஆள் முன்பு நேர விரயம், இப்போது 90 டாலர். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் இருபது கதவைத் தட்டினால் பணமும் வருகிறது, ஓட்டும் வருகிறது.

சியாட்டில் இன்னும் ஒரு படி மேலே போனது. 2015-இல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்டு, 2017-இலிருந்து வாக்காளர்களுக்குத் தபாலில் தலா 25 டாலர் மதிப்பில் நாலு சீட்டு வருகிறது. பிடித்த வேட்பாளர் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டியதுதான். கையில் காசே இல்லாதவரும் நன்கொடையாளர் ஆகலாம், நிரந்தரமாகத் தங்கும் உரிமை வைத்திருக்கும் வெளிநாட்டவரும் கேட்டு வாங்கலாம். பணம் சொத்து வரியிலிருந்து. எதிர்த்து வழக்குப் போட்டார்கள், 2019-இல் மாநில உச்ச நீதிமன்றம் திட்டம் செல்லும் என்றது. குறை என்னவென்றால், பெரும்பாலான சீட்டுகள் வீட்டு மேஜையிலேயே கிடந்து வீணாகின்றன.

ஏமாற்று இல்லாமலா? ஒன்றுக்கு எட்டு என்றால் கைகள் நமைக்கத்தான் செய்யும். ஒருவரே பல பேர் பெயரில் சின்னச் சின்னத் தொகையாகக் கட்டி, அதற்கு மேல் அரசுப் பணத்தை வாங்குவதுதான் வழக்கமான தில்லுமுல்லு. அதனால் கணக்கு பார்க்கிற வாரியத்துக்குப் பல் இருக்க வேண்டும். 2024 டிசம்பரில் நியூயார்க் வாரியம், பதவியில் இருந்த மேயருக்கே இந்தப் பணத்தைத் தர மறுத்தது. நகர மன்றத்துக்கு நிற்பவர் முதலில் தன் தொகுதியைச் சேர்ந்த 75 பேரிடமாவது வாங்கி, 5,000 டாலராவது சேர்த்துக் காட்ட வேண்டும், செலவழிக்காமல் மிஞ்சிய அரசுப் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும், தேர்தல் முடிந்த பிறகும் தணிக்கை உண்டு.

அதனால்தான் அங்கே கதவைத் தட்டுகிற தொண்டர் கையில் துண்டறிக்கையோடு ஒரு அட்டையும் இருக்கும். பெயர், முகவரி, தொகை, இது என் சொந்தப் பணம் என்று ஒரு வரி, அதற்குக் கீழே கையெழுத்து. சாயங்காலம் ஆபீசுக்கு வந்து அட்டைகளை அடுக்கி ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றுவார்கள், அடுத்த வாரம் வேட்பாளர் யாருக்குப் போன் போட வேண்டும் என்ற பட்டியல் அதிலிருந்துதான் வருகிறது.